கணக்கு வேலைக்கும் கல்யாண வீடியோவுக்கும் ஒரே மடிக்கணினி: 14 அங்குலத்தில் எதைப் பார்த்து வாங்குவது?

கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பகலில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. வார இறுதியில் திருமணம், காதணி விழா என்று வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கிறார், அழைப்பிதழும் வடிவமைக்கிறார். ரயிலில் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதால் 14 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். 4,000 ரிங்கிட் வரை செலவு செய்யலாம். கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறார். முதலாவது 3,399 ரிங்கிட்: ஏ.எம்.டி.யின் ரைசன் 5 7530யு சிப், 16 ஜி.பி. நினைவகம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. சேமிப்பு, ஐ.பி.எஸ். திரை (வழக்கமான எல்.சி.டி. வகை). இரண்டாவது 3,949 ரிங்கிட்: இன்டெலின் கோர் அல்ட்ரா 5 125எச் சிப், அதே நினைவகம், அதே சேமிப்பு, ஓ.எல்.இ.டி. திரை (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை). "இரண்டும் ஒன்றுதான், திரைக்காக 550 ரிங்கிட் கூடக் கொடுப்பது வீண்" என்று கடைக்காரர் சொன்னாராம். மேக்புக் ஏர் வாங்கலாமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

தம்பி, இந்த இரண்டில் இரண்டாவதை வாங்குங்கள். ஆனால் நான் சொல்லும் சோதனைகளைச் செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நான் பட்டர்வொர்த்தில் பிறந்து பினாங்கில் வாழ்பவன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சிப் சோதனைப் பிரிவில் பதினொரு ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது வீடியோத் தொகுப்பையே முழுநேரத் தொழிலாகச் செய்கிறேன். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972இல் இங்கேதான் தொடங்கியது. சிப் என்றால் எங்கள் ஊரில் பலருக்குக் குடும்பச் சோறு. அந்த வேலையில் கற்றுக்கொண்ட ஒன்றை இன்றும் கைவிடவில்லை: ஒரு பொருள் குளிர்ந்திருக்கும்போது எப்படி ஓடுகிறது என்பதை வைத்து அதை மதிப்பிடக்கூடாது. கொதிக்கும்போது எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

மடிக்கணினி வாங்கும்போது நான் எப்போதும் இரண்டு குவியலாகப் பிரித்துக்கொள்வேன். வாங்கிய பிறகு காசு கொடுத்தாலும் மாற்ற முடியாதவை ஒரு குவியல்: திரை, தாய்ப்பலகையில் பற்றவைத்த நினைவகம், விசைப்பலகை, வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு. பிறகு சரிசெய்துகொள்ளக் கூடியவை இன்னொரு குவியல்: சேமிப்பு, கம்பிகளைச் செருகும் துளைகள், சார்ஜர், ஒலி. கடையில் நமக்குக் காட்டப்படும் விளம்பர அட்டையில் இரண்டாவது குவியல்தான் பெரிய எழுத்தில் இருக்கும். உங்கள் 4,000 ரிங்கிட்டை முதல் குவியலில் போடுங்கள்.

திரையிலிருந்து தொடங்குகிறேன். கடைக்காரர் மிகத் தவறாகச் சொன்னது அதைப் பற்றித்தான்.

நீங்கள் அனுப்பிய முதல் கணினியின் விவரத்தாளில், மிகச் சிறிய எழுத்தில், "45% என்.டி.எஸ்.சி." என்று இருக்கிறது. இதற்கு என்ன பொருள் என்றால், இணையமும் கைப்பேசிகளும் பொது அளவாகக் கொண்டிருக்கும் எஸ்.ஆர்.ஜி.பி. நிறப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரையால் காட்ட முடியும். எக்செல் கட்டங்களுக்கு அது போதும். படவேலைக்குப் போதாது. எப்படிப் போதாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் ஒரு குடும்பத்தின் காவடியைப் படமெடுத்தேன். அப்போது என்னிடம் இருந்தது இப்படிப்பட்ட ஒரு மங்கல் திரைக் கணினி. மஞ்சள் வேட்டி சோர்ந்து தெரிந்தது; நிறச்செறிவைக் கூட்டினேன். முகங்கள் வெளிறித் தெரிந்தன, சிவப்பை ஏற்றினேன். என் திரையில் எல்லாம் அழகாக வந்துவிட்டது. மறுநாள் காவடி எடுத்தவரின் அம்மா தன் கைப்பேசியில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஐயா, என் மகன் வேட்டியில் மடிப்பே இல்லையே, மஞ்சள் பூசிய சுவர் மாதிரி இருக்கிறதே?" அவர் சொன்னது சரி. மடிப்புகள் எல்லாம் ஒரே மஞ்சள் திட்டாகக் கரைந்திருந்தன. முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. இரண்டு இரவு உட்கார்ந்து முழுவதையும் மறுபடி செய்து கொடுத்தேன்.

உங்கள் தொழிலில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. மணப்பெண்ணின் அரக்குச் சிவப்புப் பட்டு, சரிகை, குங்குமம், மஞ்சள் கயிறு, சாமந்தி மாலை என்று நம் திருமணங்கள் சிவப்பும் மஞ்சளும் பொன்னும் கலந்தே நடக்கின்றன. மலிவுத் திரைகள் அதிகம் இழப்பதும் இப்படிப்பட்ட அடர்நிறங்களைத்தான். ஆகவே எஸ்.ஆர்.ஜி.பி. 100 விழுக்காடு என்பது உங்களுக்குக் குறைந்தபட்ச வாசல். வெளிச்சம் 300 நிட்டுக்குக் (திரை வெளிச்சத்தின் அலகு) கீழே இருந்தால் சன்னலோர மேசையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்வீர்கள். 400 என்றால் நிம்மதி. 16க்கு 10 விகிதத் திரை கிடைத்தால் எடுங்கள். அந்தக் கூடுதல் உயரத்தில் தொகுப்பு மென்பொருளின் காலக்கோட்டில் இன்னும் ஓரிரு அடுக்குகளைச் சேர்த்துப் பார்க்கலாம். கணக்குப் பட்டியலிலும் சில வரிகள் கூடும்.

ஓ.எல்.இ.டி. திரை இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஆனால் தனக்கென்று சில குணங்களையும் கொண்டுவருகிறது. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அது பெரும்பாலும் மிகைநிற அமைப்பில் இருக்கும். அப்படியே தொகுத்தால் நான் செய்ததற்கு நேர்மாறான தவறைச் செய்வீர்கள்: உங்கள் திரையில் பளபளப்பது மற்றவர் திரையில் சோகை பிடித்துத் தெரியும். முதல் வேலையாக நிற அமைப்பை எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றுங்கள். அடுத்து, பல ஓ.எல்.இ.டி. திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது மிக வேகமாக அணைந்து எரிகின்றன. அந்த மினுக்கல் எல்லோரையும் பாதிக்காது, சிலருக்குக் கண்ணெரிச்சலும் தலைவலியும் வரும். கடையிலேயே வெளிச்சத்தைக் கால் பங்குக்குக் குறைத்து, பத்து நிமிடம் ஏதாவது படித்துப் பாருங்கள். உறுத்தினால் அந்தக் கணினி உங்களுக்கானது அன்று, நல்ல ஐ.பி.எஸ். திரையுள்ள வேறொன்றைத் தேடுங்கள். கடைசியாக, ஒரே எக்செல் பக்கம் நாள் முழுவதும் நிலையாக நின்றால் நாளடைவில் திரையில் தடம் பதியும் வாய்ப்பு உண்டு. பணிப்பட்டையைத் தானாக மறையச் செய்யுங்கள், திரை சில நிமிடத்தில் அணையும்படி வையுங்கள். அலுவலகத்தில் பெரிய வெளித்திரை இருந்தால் பகல் வேலையை அதில் செய்யுங்கள்.

அடுத்து வெப்பம். மடிக்கணினிச் சிப்புகள் முதல் அரை நிமிடத்துக்கு மிகுந்த மின்சாரத்தை இழுத்து வேகமாக ஓடும். சூடு ஏறியதும், வெளியேற்றும் அமைப்பு தாங்கும் அளவுக்குத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 50, 60 வாட்டில் தொடங்கி 20 வாட்டில் வந்து நிற்பதெல்லாம் மெல்லிய உடலுள்ள கணினிகளில் சாதாரணம். ஒரு கோப்பைத் திறந்து மூடுபவருக்கு அந்த முதல் அரை நிமிடம் போதும். ஒன்றரை மணி நேரத் திருமண வீடியோவை ஏற்றுமதி செய்பவர், அரை மணிக்குப் பின் மிஞ்சுகிற வேகத்தோடுதான் வாழ்கிறார்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. குளிர்நாட்டில் உட்கார்ந்து சோதிப்பவர்களின் அறை 20, 22 டிகிரியில் இருக்கும். செராஸிலோ சுங்கை பட்டாணியிலோ மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு 32 டிகிரி. உள்ளே போகும் காற்றே பத்து டிகிரி கூடுதலாக இருக்கும்போது வெளியே வருவது எப்படி இருக்கும்? அவர்கள் எழுதும் வேக எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வாங்கிய முதல் இரண்டு நாட்களில் உங்கள் அறையிலேயே சோதியுங்கள்: மூன்று நிமிட வீடியோத் துண்டு ஒன்றை இடைவெளி விடாமல் ஐந்து முறை ஏற்றுமதி செய்து, ஒவ்வொரு முறையும் எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது முறை முதல் முறையைவிடக் கால் பங்குக்குள் கூடினால் நல்ல கணினி. பாதிக்கு மேல் கூடினால் உள்ளே காற்றோட்டம் சரியில்லை என்று பொருள். அதே சோதனையை சார்ஜரைக் கழற்றிவிட்டும் ஒருமுறை செய்யுங்கள். சில கணினிகள் மின்கலத்தில் ஓடும்போது வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. சில கடைகள் ஏழு நாளுக்குள் பழுது தெரிந்தால் புதிதாக மாற்றித் தருகின்றன. அந்த வாக்குறுதி இருந்தால் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

சிப்பைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இன்றைய நடுத்தர விலைச் சிப்புகள் எல்லாமே எக்செல்லுக்கும் காணொளிக் கூட்டத்துக்கும் தாராளம். ஆனால் பெயரில் ஏமாற வேண்டாம். ரைசன் 7000 மடிக்கணினி வரிசையில் மூன்றாவது எண்தான் உண்மையான தலைமுறையைச் சொல்லும். 7520யு என்றால் 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. உங்கள் 7530யு, 2020இல் வந்த ஜென் 3. 7540யு, ஜென் 4. முதல் எண்ணைப் பார்த்து மூன்றும் உடன்பிறப்பு என்று நினைத்துவிடக்கூடாது. கோர் அல்ட்ரா 5 125எச் 2023 டிசம்பரில் வந்தது. உங்களுக்கு அதில் இருக்கும் பெரிய நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. இப்போதைய கேமராக்கள் பலவற்றில், நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் 10 பிட், 4:2:2 என்ற அமைப்பில், எச்.265 என்ற சுருக்க முறையில் வீடியோ எடுக்கலாம். நிறத்திருத்தத்துக்கு அது அருமையானது. அதை வன்பொருளிலேயே பிரித்துப் படிக்கும் திறன் இன்டெலின் 11ஆம் தலைமுறை தொடங்கிக் கோர் அல்ட்ரா வரையான சிப்புகளின் உள்ளமைந்த வரைகலைப் பகுதியிலும் ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளிலும் இருக்கிறது. 7530யுவில் இல்லை. அந்த வீடியோவை அதில் போட்டால், ஓட்டத்தை நிறுத்தி நிறுத்தித்தான் பார்ப்பீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் சிறிய மாற்றுப்பிரதி உருவாக்கி வைத்துக்கொண்டு தொகுக்க வேண்டிவரும். உங்கள் கேமரா எந்த அமைப்பில் எடுக்கிறது என்று இன்றே பாருங்கள். நிற விவரம் குறைந்த 8 பிட், 4:2:0 மட்டும் என்றால் இந்த வாதத்தின் எடை குறைகிறது, திரை வாதம் அப்படியே நிற்கிறது.

நினைவகம் 16 ஜி.பி.க்குக் கீழே வேண்டவே வேண்டாம். தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில் வரைகலைப் பகுதியும் இதிலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்பதை மறக்காதீர்கள். மெல்லிய கணினிகளில் அது பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது. 32 ஜி.பி. உள்ள அதே கணினி சில நூறு ரிங்கிட் வித்தியாசத்தில் கிடைத்தால், கைப்பையையும் மவுஸையும் இலவசமாகத் தரும் சலுகையை விட்டுவிட்டு அதைக் கேளுங்கள். இன்னொன்று: நினைவகம் ஒரே ஒரு பட்டையாகச் செருகப்பட்டிருந்தால் வரைகலை வேகம் நன்றாகவே குறையும். இரட்டைத் தடமாக இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சேமிப்புக்கு வழி உண்டு, ஆகவே அதற்காக மயங்கவோ தயங்கவோ வேண்டாம். 4கே வீடியோ விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. இரண்டு கேமராக்களில் மும்மூன்று மணி நேரம் எடுத்தால் 270 ஜி.பி. 512 என்று எழுதியிருந்தாலும் விண்டோஸ் 476 என்றுதான் காட்டும். இயங்குதளமும் மென்பொருள்களும் போக ஒரு திருமணத்துக்கு இடம் இருக்கும், இரண்டாவதற்கு இருக்காது. 1 டி.பி. வெளி எஸ்.எஸ்.டி. ஒன்றில் நடப்பு வேலையை வைத்துக்கொண்டு, முடிந்ததும் பழைய வன்வட்டுக்கு மாற்றிவிடுங்கள். பல கணினிகளில் பின்மூடியைத் திறந்து எஸ்.எஸ்.டி.யையே பெரிதாக மாற்றவும் முடியும்.

இனி எந்த ஆங்கில மதிப்புரையிலும் பார்க்க முடியாத ஒன்று: விசைப்பலகையின் வலது ஓரம். 14 அங்குல உடலுக்குள் எல்லா விசைகளையும் அடக்குவதற்காக, சில நிறுவனங்கள் வலது ஓர விசைகளை அரை அகலத்துக்குச் சுருக்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அந்த ஓரத்தில் இருப்பவை அடைப்புக்குறி, மேற்கோள் குறி, அரைப்புள்ளி. எப்போதாவது தொடுகிற குறிகள். தமிழ்99 முறையில் தட்டச்சுபவர்களுக்கோ சதுர அடைப்புக்குறி இருக்கும் இடங்களில்தான் ச, ஞ, அரைப்புள்ளியில் ந, மேற்கோள் குறியில் ய, சாய்கோட்டில் ழ. ந, ய, ச மூன்றும் இல்லாமல் நம்மால் ஒரு வாக்கியம் எழுத முடியுமா? அழைப்பிதழில் "நிகழவிருக்கும் திருமண நிச்சயதார்த்தம்" என்று தட்டிப் பாருங்கள். வலது சுண்டுவிரல் எத்தனை முறை ஓரத்துக்குப் போகிறது என்று தெரியும். சுருங்கிய விசையில் யவுக்குப் பதில் என்டர் விழுந்து, பத்தி உடைந்துகொண்டே இருக்கும். கடையில் தமிழ் விசைமுகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. விரலை வைத்து அந்த வாக்கியத்தை மனத்துக்குள் தட்டிப் பாருங்கள். எண் தட்டுப்பகுதி 14 அங்குலத்தில் பெரும்பாலும் இருக்காது. கணக்கு வேலைக்குத் தனியாக ஒரு யு.எஸ்.பி. எண்பலகை வாங்கி அலுவலக மேசையில் போட்டுவிடுங்கள்.

மேக்புக் ஏர் நல்ல கணினி, சந்தேகமில்லை. திரை நம்பகமானது, மின்கலம் நெடுநேரம் நிற்கிறது, மலேசியரான முத்து நெடுமாறனின் அஞ்சல் என்ற தமிழ் விசைமுகமும் தமிழ்99உம் அதிலேயே உள்ளமைந்து வருகின்றன. 2024 அக்டோபரிலிருந்து அடிப்படை மாதிரியிலும் 16 ஜி.பி. தருகிறார்கள். அதில் மின்விசிறி கிடையாது என்பதால் நீண்ட ஏற்றுமதியில் வேகம் தணியும். அதுவும் பெரிய குறை அன்று. உங்களுக்கு ஏன் வேண்டாம் என்றால், நம் நாட்டுக் கணக்கு அலுவலகங்கள் நம்பியிருக்கும் எஸ்.க்யூ.எல். அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் என்ற கணக்கு மென்பொருள்கள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. பகல் சோறு அங்கிருந்து வருகிறது. அதே காரணத்துக்காக ஸ்னாப்டிராகன் சிப்புள்ள விண்டோஸ் கணினிகளையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பழைய அச்சு இயந்திரங்களுக்கும், மென்பொருளைத் திறக்கச் செருகும் பாதுகாப்புச் சாவிகளுக்கும் அவற்றில் இயக்கி மென்பொருள் கிடைக்காமல் போகலாம். வீடியோ மட்டுமே உங்கள் தொழிலாக இருந்திருந்தால் நான் மேக்புக் ஏரையே சொல்லியிருப்பேன்.

மின்கலத்தை மணிக்கணக்கில் நம்பாதீர்கள், வாட் மணியில் பாருங்கள். 60 வாட் மணி மின்கலம், 8 வாட் இழுக்கும் எழுத்து வேலையில் ஏழரை மணி நேரம் நிற்கும்; 30 வாட் இழுக்கும் தொகுப்பு வேலையில் இரண்டு மணி நேரம். யு.எஸ்.பி.-சி வழியாக 65 வாட்டில் சார்ஜ் ஆகிறதா, அதே துளை வெளித்திரைக்குப் படம் அனுப்புகிறதா என்று கேளுங்கள். சார்ஜரில் மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரையும் நம் மூன்று முனைச் செருகியும் இருக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றுமதி ஓடிக்கொண்டிருக்கும்போது வானம் கறுத்தால் செருகியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் ஓட விடுங்கள்.

பணம் கொடுக்கும் முன், பெட்டியில் உள்ள வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தட்டி, உத்தரவாதம் மலேசியாவில் செல்லுமா, எந்தத் தேதி வரை என்று அங்கேயே பாருங்கள். ரசீதில் உங்கள் பெயரும் அந்த எண்ணும் இருக்கட்டும். சொந்தப் பயனுக்கு வாங்கும் கணினி, வாழ்க்கைமுறை வரிவிலக்கான 2,500 ரிங்கிட் வரம்புக்குள் வரும். தொழிலுக்கென்று கணக்கு காட்டினால் அந்த விலக்கில் சேர்க்க முடியாது. கணக்காய்வு அலுவலகத்தில் இருக்கும் உங்களுக்கு இதை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். கடை வாக்கு மாறினால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனுச் செய்யலாம்.

போகும்போது ஒரு பென்டிரைவில் மூன்றைப் போட்டுக்கொண்டு போங்கள்: அரக்குப் பட்டு உடுத்திய மணப்பெண்ணின் படம் ஒன்று, உங்கள் கேமராவில் எடுத்த ஒரு நிமிட வீடியோ ஒன்று, சிறிய எழுத்தில் நீங்கள் வடிவமைத்த அழைப்பிதழ் ஒன்று. இரண்டு கணினிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் அந்தப் படத்தைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசியிலும் அதே படத்தைத் திறந்து நடுவில் வையுங்கள். சேலையின் மடிப்புக்குள் இருக்கும் நிழல் எந்தத் திரையில் தெரிகிறது என்று கடைக்காரரையே பார்க்கச் சொல்லுங்கள்.